கண்ணுக்குள் ஓடிய வெளிச்சக் கோடு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பார்வை போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

2006 கோடைக்காலம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், தைக்கும்போதே ஊசி இருந்த இடம் மறைந்தது. அதைச் சுற்றி ரம்பப் பல் போல ஒரு வெளிச்சக் கோடு மினுமினுத்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது. மெல்லப் பெரிதாகி, ஓரத்துக்கு நகர்ந்து, அரை மணி நேரத்துக்குள் தானாகவே மறைந்தது. பிறகும் சில முறை வந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் மட்டும் மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். என்னவென்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லட்டி, சும்மாதான்” என்றார்.

என் அக்காளுக்குத் தலையில் கட்டி வந்தபோதும் வீட்டில் இப்படித்தான் சொன்னார்கள். சாகும்வரை அவளுக்கு உண்மை தெரியாது. அன்றிலிருந்து யார் சிரித்தாலும் எனக்கு நடிப்பாகப் பட்டது. அவர் போனில் பேசினால் கதவோரம் நின்று கேட்பேன். மீன் வாங்கி வந்தால், எதற்காக இந்தத் திடீர்ப் பாசம் என்று யோசிப்பேன்.

கம்பெனியில் என்னைச் சந்தேகப்பட்டார்கள். “ஏனுங்க, ஷிப்மென்ட் நேரத்துல மட்டும்தான் உங்களுக்குக் கண்ணு மறைக்குதுங்களா?” என்று லைன் இன்சார்ஜ் மகேஸ்வரி அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்முன் முழங்காலில் நின்று அழுதேன். “ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் பரவாயில்லை. என்னிடம் பொய் சொல்லாத ஒரு ஆளிடம் கொண்டுபோய் விடும்.”

அன்றைக்கே தையலுக்கு நடுவில் கோடு வந்தது. மெஷினை நிறுத்தினேன். மகேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து எழுப்பினார்.

“வாங்க, நாங்க வழக்கமாப் பாக்கற டாக்டரம்மாகிட்டயே போலாம். அவங்ககிட்ட நடிப்பெல்லாம் செல்லாதுங்க.”

என் பொய்யைப் பிடிக்கத்தான் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் கோடு தெரிந்தது. பிரஷர் பார்த்தார், கை கால்களைச் சோதித்தார். பிறகு, நான் விவரிக்கும்முன்பே ஒரு தாளில் பல் பல்லாக வளைந்த கோடு ஒன்றை வரைந்தார்.

“இப்படித்தானே கண்ணுல தெரியுது?”

யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாமல் நான் தவித்தது அப்படியே அந்தத் தாளில் இருந்தது.

“இது ஒரு மாதிரி மைக்ரேன், ஒத்தத் தலைவலின்னு சொல்றோமே, அந்த வகை. கோளாறு கண்ணுல இல்ல, பார்வையக் கவனிக்கிற மூளைப் பகுதியில ஒரு அலை மாதிரி ஓடுது. தலைவலி இல்லாமயும் வரும். தூக்கம் கெட்டா, பட்டினி கெடந்தா ஜாஸ்தியாகும். ஆனா ஒத்தக் கண்ணு மட்டும் இருட்டுனாலோ, பேச்சு குழறுனாலோ, கை கால் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்.”

“கட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு அப்படித் தெரியல. உன்ற மனசு ஆறட்டும், ஸ்கேனும் பாத்துரலாம்.”

ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. டாக்டரம்மாவுக்கு நான் யாரென்றே தெரியாது. மகேஸ்வரி அக்காவுக்கு என்மேல் பாசம் கிடையாது. என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல இருவருக்கும் அவசியமே இல்லை. நான் ஜெபத்தில் கேட்ட ஆட்கள் இவர்கள்தான் என்று அப்போது உறைத்தது.

அன்றைக்குத் தனியாக என்ன பேசினீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒனக்குப் பார்வ போயிருமோன்னு கேட்டேன். ஒன் முன்னால கேக்கப் பயமா இருந்துச்சு.”

இப்போதும் எப்போதாவது அந்தக் கோடு வரும். உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்வேன். போனதும் எழுந்து வேலையைப் பார்ப்பேன். வியாதி இருக்கும்போதே பயத்தை எடுத்துப்போட்ட தேவனுக்கு நன்றி. உங்கள் கண்ணில் ஏதாவது மறைத்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். உங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றினால், உண்மையைக் காட்டும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் யார் வழியாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது, என்னை நம்பாதவர் வழியாக வந்தது.