ஆஃப் செய்தால் ஒழுகும் கார்

என் அக்காவின் கணவரை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் பம்பரம் என்பார்கள். நான் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் எனக்கும் அவர் பம்பரம்தான். அறுபத்தொரு வயதாகிறது, மனிதர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். தன் கல்யாணத்தன்றே விருந்திலிருந்து காணாமல் போனார். தேடிப்போனால், வாடகைக் கார் நின்று நின்று அணைகிறதென்று பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். மகள் பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு டாக்டரின் காருக்கு, நின்ற இடத்தில் அணையாமல் சீராக ஓட, ஐடிலிங் வைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மூன்று தடவை வந்து கூப்பிட வேண்டியிருந்தது. அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது என்பது என் கட்சி.

ஆனால் மெக்கானிக் வேலையில் அவரைக் குறை சொல்ல யாரும் வாயைத் திறக்க முடியாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் பழைய கார்புரேட்டர் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்பார். இரண்டு ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று மாற்றி மாற்றித் திருகுவார். கடைசியில் ஏர் ஃபில்டர் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். தண்ணீர் ஆடினால் திரும்பவும் முதலிலிருந்து.

அவருடைய சொந்தக் கார்தான் மானத்தை வாங்கியது. மகள் இரண்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, மூன்று மாதம் இங்கே இருப்பதாக ஏற்பாடு. அவளுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் கார் ஷெட்டைப் பார்த்துத் திறக்கும். இரண்டாம் நாளே ஆரம்பித்தாள்.

"அப்பா, ரூம் பூரா பெட்ரோல் நாத்தம். புள்ளைக்கு ஆகாதுப்பா."

"அரை மணி நேரம் குடும்மா" என்றார். அந்த அரை மணி நேரம் ஒன்பது நாள் ஓடியது.

ஹோஸை மாற்றினார். கிளாம்ப் மாற்றினார். கேஸ்கெட்டை இரண்டு தடவை மாற்றினார். கார்புரேட்டரின் மேல்மூடி ஸ்க்ரூக்களை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். இஞ்சின் ஓடும்போது எல்லாம் காய்ந்து கிடக்கும். ஆஃப் செய்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பார், ஈரமே இருக்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுமை அவரிடம் எந்தக் காலத்திலும் கிடையாது. உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஐயோ, பார்க்கிற எனக்கே தலை சுற்றும். "பெட்ரோலை வடிச்சுட்டு சும்மா நிறுத்துங்களேன் அத்தான்" என்றேன். அவருடைய அம்மாவை நான் திட்டியது போல முறைத்தார். தெருவில் நிறுத்தலாமென்றால் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே அங்கே சண்டை.

பத்தாம் நாள் மகள் பெட்டி கட்டினாள். மாமியார் வீட்டுக்குப் போகிறாளாம். டாக்ஸி பன்னிரண்டு மணிக்கு.

சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாள். "நாத்தம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும் மாமா. பத்து நாள் ஆச்சு, அப்பா இன்னும் புள்ளையத் தூக்கவே இல்ல. கையெல்லாம் எண்ணெய்ங்கிறாரு. கழுவினா போகாதா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேரே ஷெட்டுக்குப் போனேன். அப்போதுதான் இஞ்சினை ஆஃப் செய்திருந்தார்.

"அத்தான், அவ நாத்தத்துக்காகப் போகல. உங்களுக்காகப் போறா. போய்க் கையக் கழுவிட்டுப் புள்ளைய வாங்குங்க."

முகம் சுண்டிப்போயிற்று. மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, தூங்கும் குழந்தையை மார்பில் சாய்த்துக் கொடுத்தாள் மகள்.

முதல் ஐந்து நிமிடம் முழங்கால் தந்தியடித்தது. குழந்தை சிணுங்கியதும் அதுவும் நின்றது. பார்க்க வேறொன்றும் இல்லாமல் ஜன்னல் வழியே திறந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும்.

"மச்சான்" என்றார் காற்றுக் குரலில். "அங்க பாரு. மூடிக்குக் கீழ."

ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"நிறுத்தினப்புறம்தான் ஒழுகுது. சூட்டுல குழாயில இருக்கிற பெட்ரோல் பொங்கி, அத அடைச்சு நிறுத்துற ஊசி தேஞ்சதால, தள்ளிட்டு கார்புரேட்டர் உள்ள வருது. கிண்ணம் நிறைஞ்சு வழியுது. நான் முறுக்கின முறுக்குல மூடியும் வளைஞ்சிருக்கு. நான்தான் கெடுத்திருக்கேன்."

வாசலில் ஹாரன் கேட்டது. மகள் வந்து கைகளை நீட்டினாள். அத்தானின் விரல்கள் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் வரை போயின. கொடுத்தால் குழந்தை டாக்ஸிக்குப் போய்விடும். கொடுக்காவிட்டால் கார் ஒழுகிக்கொண்டே இருக்கும். இந்த மனிதர் எதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார். பிறகு என்னிடம், "நீ கழட்டு."

நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவன்! ஆனாலும் கழற்றினேன். முதலில் பேட்டரி வயர், சூடு ஆறியதும் ஹோஸ், அப்புறம் மூடி. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவர் கிசுகிசுக்க, நான் எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் செய்து திரும்பச் செய்தேன். கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்து, வளைவு போக மூடியைத் தேய்த்தேன். மேஜை டிராயரில் இருந்த புது ஊசியைப் போட்டேன். டாக்ஸிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்க வந்தவர், கதை கேட்டு, ஸ்டார்ட் செய்யும் புகை குழந்தை அறைக்குப் போகாதபடி அத்தானின் காரை வாசல் வரை தள்ளிக்கொடுத்தார்.

ஸ்டார்ட் செய்தேன். இஞ்சின் இருமியது, ஒரு முறை சீறியது, அடுத்த நொடி அணையப் போவது போல் முனகியது. கேட்கச் சகிக்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன்.

"அத்தான், ஐடிலிங் கேவலமா இருக்கு. ஒரே நிமிஷம் வந்து திருகிட்டுப் போங்க."

தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஓடுதுல்ல? விடு. ஆஃப் பண்ணி, கால் மணி நேரம் கழிச்சு விரல வச்சுப் பாரு."

மகள் வெளியே போய் டாக்ஸிக்காரரிடம் ஏதோ சொன்னாள். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து விரலை வைத்துப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. பெருமையோடு சொல்லப் போனேன். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"இவனை வீட்டுல என்னன்னும்மா கூப்பிடுறீங்க?"