தீவில் தவித்த எங்களைக் கரை சேர்த்த நாமக்கல் ஆஞ்சநேயர்

சுற்றிலும் கடல். தென்னந்தோப்புக்குள் ஒரு குடில். அதில் கட்டிலோடு சுருண்டு கிடந்தார் என் வீட்டுக்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். எண்பத்தெட்டாம் வருடம், ஐப்பசி மாதம். இடம் லட்சத்தீவு. தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

நாமக்கல்லில் எங்களுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. ஒரு பெயிண்ட் கம்பெனி பரிசாகக் கொடுத்த சுற்றுலா அது. கொச்சியிலிருந்து சின்ன விமானம். ஏறும்போதே என்னவர் அதன் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்து, "தகரம் ரொம்ப மெல்லிசா இருக்குது புள்ள. நம்ம பட்டறைல இப்படிச் செஞ்சா ஒருத்தனும் வண்டி எடுக்கமாட்டான்" என்றார். அவருக்கு அவ்வளவு குஷி.

மூட்டைகளை மட்டுமல்ல, எங்களையும் தராசில் நிறுத்தித்தான் ஏற்றினார்கள்! எடை கூடிப்போனதால் ஒரு பையைக் கொச்சியிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதில்தான் ஊறுகாயும், எங்கே போனாலும் நான் விடாமல் கொண்டுபோகும் விளக்கெண்ணெய்ப் புட்டியும் இருந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை கடலில் குளித்துவிட்டு வந்தவருக்குத்தான் இந்த வலி. எங்கள் பக்கம் வயிற்று வலி என்றால் சூடு. சூடு என்றால் விளக்கெண்ணெய். வயிறு கழுவிப் போனால் சரியாகிவிடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். "ஆஞ்சநேயா, ஒரே ஒரு முழுங்கு எண்ணெயக் கண்ணுல காட்டுப்பா" என்று வேண்டிக்கொண்டே வீடு வீடாக ஓடினேன். தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு இல்லை. கொண்டுவந்ததையும் பிடுங்கிவிட்டார்கள், கேட்டதையும் சாமி கொடுக்கவில்லை. நொந்துபோனேன்.

கடைசியில் தீவுக்காரர்கள் கைகொடுக்க, அவரைத் தீவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் வேறு தீவுக்குப் போயிருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. குடல்வால் வீக்கம், இன்றே கொச்சியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. அன்று விமானம் வராது என்று ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தது.

மழையிலேயே மணலில் விழுந்து கும்பிட்டேன். "சாமீ, கடலைத் தாண்டுனவன் நீ. எனக்கு ஒண்ணும் தெரியல. இது வேணும் அது வேணும்னு இனிக் கேக்கமாட்டேன். என்ன செய்யோணுமோ நீயே செய்யி. இவரு என்கூட ஊடு வந்து சேந்தாப் போதும்."

மதியம் மழை விட்டது. சற்று நேரத்தில் இரைச்சல் கேட்டது. விமானம்! கொச்சியில் வானம் தெளிந்ததும் துணிந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார் பைலட். ஆனால் அது திரும்பிப்போகும்போது இடம் ஒன்றும் காலியில்லை என்றார்கள். எங்கள் நிலையைப் பார்த்த ஒரு பம்பாய்த் தம்பதி, கேட்காமலேயே தங்கள் இரண்டு இடத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த மெல்லிசுத் தகரம் எங்களைச் சுமந்துகொண்டு கடலைத் தாண்டியது. கீழே நீலத் தண்ணீர். என் வாயில் ராம நாமம் தவிர வேறில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், "வயிறு போக ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

"ஊரெல்லாம் தேடியும் விளக்கெண்ணெய் கெடைக்கலீங்க டாக்டரய்யா."

"கிடைக்காதது உங்கள் அதிர்ஷ்டம். கொடுத்திருந்தால் குடல்வால் வெடித்து, வழியிலேயே உயிர் போயிருக்கும்."

சாமி என் வேண்டுதலைக் கேட்கவில்லை என்றல்லவா நொந்துகொண்டேன்! என் கையில் எண்ணெய் சிக்காமல் பார்த்துக்கொண்டதே அவர்தான். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்க் கேவிக் கேவி அழுதேன்.

ஊர் திரும்பியதும் வடைமாலை சாத்தினோம். மழையையும் வெயிலையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கும் அந்த நெடிய உருவத்தின் முன்னால், சாமி கும்பிட நேரமில்லை என்று சொல்லித் திரிந்த என்னவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இன்றுவரை சனிக்கிழமை தவறாமல் என்னை எழுப்பிக் கூட்டிப்போவது அவர்தான்.

அன்பர்களே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் மனம் விட்டு ஆஞ்சநேயரிடம் சொல்லி அழுங்கள். மருந்து எது என்று மட்டும் அவருக்குச் சொல்லித்தராதீர்கள்.