அயோடினுக்கு எத்தனை கை?

பெண் பார்க்க ஆழ்வார்குறிச்சிக்குப் போன அன்று என் வலது கையில் மூன்று விரல்கள் பழுப்பாக இருந்தன. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வகுப்பில் அயோடின் புட்டியைக் கொட்டிவிட்டேன். புளி, சாம்பல், சீயக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை.

கூட வந்த தாய்மாமா ரயிலில் மூன்று தடவை சொல்லிவிட்டார்: "கைய மடியிலயே வச்சுக்கலே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." அவர் பயம் நியாயமானதுதான். அதற்கு முன் பார்த்த இரண்டு இடங்களும் என் வாயால்தான் கெட்டுப்போயிருந்தன.

பெண் வந்து கும்பிட்டாள். என் விரல்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

அவள் தகப்பனாரும் விரல்களைப் பார்த்துவிட்டார். "மாப்ளைக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டுமோ?"

"இல்லை, இது அயோடின்" என்றேன்.

"அப்படின்னா என்னது?" என்று மரியாதைக்குக் கேட்டார். ரசாயனத்தைப் பற்றி ஒருவர் மரியாதைக்குக் கேட்டாலும் நான் விடுகிறவன் இல்லை.

வேலன்சி என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு எனக்குத் தமிழ் தெரியாது. வகுப்பில் 'கை' என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு தனிமத்துக்கும் இத்தனை கை என்று உண்டு. ஒன்றையொன்று கைப்பிடித்தால் புதுப்பொருள் பிறக்கும். அதையே அவரிடமும் சொன்னேன். "அயோடினுக்கு ஒரு கை. பொட்டாசியத்துக்கும் ஒரு கை. ரெண்டும் கைப்பிடிச்சா உப்பு ஆயிரும். ஒண்ணுக்கு ஒண்ணு."

"நல்ல குடும்பம்தான்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். தாய்மாமா என் தொடையைக் கிள்ளினார். போதும் என்று அர்த்தம்.

ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு எழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. "எப்பவும் அப்படித்தான்னு சொல்ல முடியாது. குளோரினைக் கண்டா மூணு கை நீட்டும். பிராணவாயுன்னா அஞ்சு, ஏழுகூட நீட்டும்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தது. "ஏழு பேரைக் கைப்பிடிக்குமா?" என்று பெண்ணின் தாயார் அலறினாள். "மூத்தவ படுத பாடு போதாதா? இந்த இடமே வேண்டாம்!"

தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மூத்த மகளைக் கட்டியவன் வருஷம் திரும்புமுன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டானாம். மகள் இப்போது இங்கேதான் இருக்கிறாளாம்.

"ஏழுன்னு சொன்னது அயோடினை, அத்தை. என்னைச் சொல்லலை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து இன்னொரு குரல் நிதானமாக வந்தது. மூத்தவள்தான் பேசினாள்.

"எம்மா, என்னையக் கேட்டு வந்தவுக ஒண்ணே ஒண்ணுன்னுதான் சொன்னாக. இவுக ஏழு வரைக்கும் இப்பமே சொல்லுதாக. மறைக்கத் தெரியாத மனுசரும்மா. தங்கச்சிய இவுகளுக்கே குடுங்க."

தை மாதத்தில் கொடுத்தார்கள்.