நவமணியின் வெள்ளைப் புடவை

விடிந்ததும் நவமணி முதலில் வலது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். வீங்கிய தோலில் விழுந்த குழி நிரம்பும்வரை பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்வார். 1944 ஜனவரியில் முதல் வரி முடிவதற்குள் குழி மறைந்தது. ஏப்ரலில் அப்பம் கேட்கும் வரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. "அந்த எடத்துல வந்துதான் நிக்குது பாரு. அரிசி காணாத வவுத்துக்கு அது தெரியுது லா" என்று பக்கத்து வீட்டு ராக்காயியிடம் சொல்லிச் சிரித்தார். ஜூலையில், ஆமென் சொன்ன பிறகும் குழி அப்படியே இருந்தது.

மலாயாவில் லகாட் ஊரை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தின் மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாக ஆயாவாக இருந்தவர் அவர். சத்துக் குறைவால் உடம்பு வீங்கும் பெரிபெரி நோயின் போக்கை எவரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே மருந்து கட்டும் டிரஸ்ஸர் அப்பாவு விளக்கினார்.

"வீக்கம் முட்டியத் தாண்டிடுச்சுக்கா. நெஞ்சுக்கு ஏறுனா அப்பறம் நம்ம கையில இல்ல."

"எப்ப நம்ம கையில இருந்துச்சு, அப்பாவு?" என்று கேட்டுவிட்டு, கொதித்த தண்ணீரை இறக்கப் போனார்.

அவருடைய சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்குள், ஈப்போ தேவாலயத்தில் திருமணத்தன்று கட்டிய ஆறு கெஜ வெள்ளைப் புடவை. தன்னை அதில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று, கணவர் இறந்த ஆண்டிலேயே போதகரிடம் சொல்லிவைத்திருந்தார். ஜப்பானியர் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் துணி என்பதே அரிதாயிற்று. உயிரோடிருப்பவர்கள் சாக்கை உடுத்தினார்கள். இறந்தவர்களுக்குப் பாய்கூடச் சில வேளைகளில் கிடைக்கவில்லை. நவமணியும் சாக்கில் கழுத்துக்கும் கைகளுக்கும் துளையிட்டு மாட்டிக்கொண்டார். பெட்டியைத் திறக்கவில்லை. "கர்த்தருக்கு முன்னால வெள்ளையா போயி நிக்கணும். அது போதும் எனக்கு" என்பார்.

திறந்தது பிப்ரவரியில். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சன்னாசி முழங்காலுக்குக் கீழே புரையோடிய புண்ணை வாழைமட்டையால் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்திருந்தார். மட்டையை அவிழ்த்தபோது புழு நெளிந்தது. மருந்து தீர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. உப்புத் தண்ணீர் இருந்தது, கட்டத் துணி இல்லை. நவமணி உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவினார். பிறகு வீட்டுக்குப் போய்ப் புடவையை எடுத்து, கரையைப் பல்லால் கடித்து, குறுக்கே நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்தார். பெட்டி மூடியின் உட்புறத்தில் கரியால் ஒரு கோடு போட்டார்.

ஒரு கெஜத்துக்குப் பன்னிரண்டு கட்டுகள். சாம்பல் நீரில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, நைந்துபோகும்வரை அவற்றையே மறுபடி பயன்படுத்தினார். அப்படியும் ஜூலை முடிவில் மூடியில் அறுபது கோடுகள் இருந்தன. எஞ்சிய ஒரு கெஜம் ஜெப வேளையில் முக்காடு. இறந்தால் முகத்தை மூடவும் அதுவே.

ராக்காயிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு ஒன்ன எதுல சுத்துறது? வாழையெலையிலயா?"

"பச்சப்பசேல்னு நல்லாத்தானே இருக்கும்!"

"வெளையாடாத. வெள்ளையா போவணும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். அங்க என்ன, துணிக்குக் கூப்பனா கேக்கப் போறாங்க? உடுத்தி விடுறவரு அவரு. நான் இங்கேருந்து தூக்கிட்டுப் போயிக் காட்டணும்னு நெனச்சேன் பாரு, அதான் என் மடத்தனம்."

"சாகுறதுக்குப் பயமே இல்லையா ஒனக்கு?"

"ஏன் இல்ல? காலையில குழி நெறையுற வரைக்கும் இருக்கு. அப்பறம் வாசல்ல இத்தன காலு வந்து நிக்குது, பயப்பட எங்க நேரம்?"

ஆகஸ்டில், சாலை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டிருந்தவர்களில் பதினொருவர் புண்ணும் சீழுமாகத் திரும்பினார்கள். அன்று காலையிலேயே முக்காடு பதினொரு கட்டுகளாயிற்று. மீந்தது ஒன்று. கொடியில் வேறு துணி இல்லை. அந்நேரம் சன்னாசி நொண்டிக்கொண்டு வந்தார். அவருடைய பழைய கட்டு இற்றுப்போயிருந்தது.

ராக்காயி குறுக்கே நின்றாள். "அது அக்கா தலைக்கு. நீ போயி எல பறிச்சிக் கட்டு."

"நகரு" என்றார் நவமணி. அந்தக் கடைசித் துண்டை எடுத்து, நரைத்த தலையின் மீது இரு காதுகளும் தொடும்படி போட்டுக்கொண்டார். நான்கு விரல் அகல முக்காடு. வீங்கிய கால்களில் நிமிர்ந்து நின்று, தோட்ட மருத்துவமனையின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் குரலில் நன்றி சொல்லி ஜெபித்தார்.

"அக்கா, கொஞ்சம் சுருக்கா முடிங்க. ஈ மொய்க்குது" என்றார் சன்னாசி.

"ஆமென்" என்றார் நவமணி. குனிய முடியாததால் உட்கார்ந்து, சன்னாசியின் காலைத் தன் மடிமீது ஏற்றிக்கொண்டார். தலையிலிருந்ததை எடுத்து, புண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் இரண்டு விரலால் தட்டினார்.

"நட."