சுகந்தி மேடம் காட்டிய கீழ்க்கொக்கி

சுகந்தி மேடம் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில், ஒரு காலை நேரம், திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது இறந்தார். எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னது போலீஸ்.

செங்கல்பட்டில் என் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"சைக்கிள் கடையா? இங்க ஒரு அம்மா ரோட்டோரமா கெடந்தாங்க. உசுரு இல்ல. சைக்கிள்ல ஆரஞ்சு கலர் பை ஒண்ணு மாட்டிக்கீது, அதுல உன் நம்பர் கீது. யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். என்னிடம் ஆரஞ்சுப் பை வாங்கிய பெண் அவர் ஒருவர்தான்.

"வூட்டு நம்பர் குடு. அவங்க போனு லாக் ஆயிருக்கு. ஆபீஸ்ல எவனும் எடுக்க மாட்டேங்கறான்."

வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. நான்கு வருடமாகக் கடைக்கு வந்து போனவர். விற்கிற ஒவ்வொரு பையிலும் என் நம்பரைத் துணிப்பட்டையில் அச்சடித்துத் தைத்து அனுப்பினேன், விளம்பரம். வாங்குகிறவர் நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு, என் வாய் தானாக இன்னொன்றைக் கேட்டது. "சார், பின் சக்கரத்துல பை சிக்கியிருந்துச்சா?"

"யோவ், நீ வந்து பாரு" என்று வைத்துவிட்டார்.

அதை ஏன் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சைக்கிளில் வேலைக்குப் போகிற நம்மில் பலருக்கு மேடத்தைத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடற்கரைப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸில் வேலை. வந்திறங்குகிற சரக்கைச் சரிபார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. சுடிதாரும் தொப்பியுமாக, சாலையின் இடது கோட்டை விட்டு இம்மி நகராமல் போவார். காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்துத் தள்ளும், சாயங்காலம் கடற்காற்று வீட்டைப் பார்த்துத் தள்ளும். "போறதுக்கும் வாறதுக்கும் காத்து நம்ம பக்கம். பெட்ரோல் போடுதவங்களுக்கு இது தெரியாது" என்பார்.

முதல் நாள் அவர் கடைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பை வேண்டும் என்றார். கடையில் நாங்கள் அதை சைடு பேக் என்போம். ஐந்து மாடல் எடுத்து வைத்து, எது எத்தனை லிட்டர் கொள்ளும் என்று சொன்னேன். அவர் பையைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த கட்டைப்பையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், மழைக் கோட்டு, மாற்றுச் சுடிதார், இரண்டு ஃபைல், செருப்பு என்று ஒவ்வொன்றாக என் மேஜைமேல் பரப்பினார்.

"அண்ணாச்சி, எனக்கு லிட்டர் கணக்கு தெரியாது. இதெல்லாம் எதுல கொள்ளும்?"

"மேடம், நான் மளிகைக் கடை வைக்கல. அண்ணாச்சின்னு கூப்பிட்டா பக்கத்துக் கடைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நீங்க பையைக் காட்டுங்க."

மூன்று பை அதிலேயே கழிந்தது. நான்காவதை அவர் சைக்கிளில் மாட்டி, பெடலைச் சுற்றிப் பார்த்தார். குதிகால் பையில் இடித்தது. ஐந்தாவது இடிக்கவில்லை; முன்பக்கம் கீழே சரிவாக வெட்டித் தைத்திருந்தது. விலை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "நீங்க ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை. "ஓட்டாததை எனக்கு எப்படி விக்கீங்க? போயிட்டு வாங்க."

போனேன். சாமான் எல்லாவற்றையும் அதே பையில் போட்டு, கொளவாய் ஏரிக்கரை வரைக்கும். பஸ் ஸ்டாண்டு வாசலில் சாக்கு விரித்து சீட் கவர் விற்று ஆரம்பித்தவன் நான், சைக்கிளில்தான் வளர்ந்தேன். ஆனால் ஒரு பக்கம் கனத்தோடு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க ஓட்டியது அன்றைக்குத்தான். ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பயம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, வெயில் என்றேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பையை வலப்பக்கம் மாட்டச் சொன்னார். இடப்பக்கம்தான் எல்லாரும் மாட்டுவார்கள் என்றேன்.

"இடப்பக்கம் மாட்டினா உருட்டிட்டு நடக்கையில முழங்கால்ல இடிக்கும். அதுவும் போக, லாரிக்காரன் என்னைப் பாக்க மாட்டான். வலப்பக்கம் துருத்திட்டு நிக்குத பையைத்தான் பாப்பான். அதுக்காவது ரெண்டடி தள்ளிப் போவான்லா."

இன்னொரு நாள் கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது வந்தார். மழையில் நனையாது என்று எழுதிய அட்டையை ஒரு பையில் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே ஒரு செய்தித்தாளை வைத்து மூடி, பஞ்சர் பார்க்கிற தொட்டியிலிருந்து ஒரு மக்கு தண்ணீர் எடுத்து, எல்லார் முன்னாலும் பைமேல் ஊற்றினார். என் மெக்கானிக் தேவராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான். செய்தித்தாள் ஊறிப்போயிருந்தது. "துணி நனையல அண்ணாச்சி. தையல் ஓட்டை வழியா இறங்குது. உள்ள பட்டை ஒட்டச் சொல்லுங்க." அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. வியாபாரத்தைக் கெடுக்க வந்தவர் என்று தேவராஜிடம் திட்டினேன். "அந்தம்மா சொல்றது கரீட்டுதான் அண்ணாத்த. பேஜார் பண்ணாத, பட்டை ஒட்டு" என்றான்.

போன வருடம் நானே துணி வாங்கி, தையல்காரரை வைத்து, என் பெயரில் பை தைத்தேன். முதல் லாட்டில் இருபத்தாறு, அத்தனையும் விற்றது. முன்பக்கச் சரிவு, உள்ளே ஒட்டிய பட்டை, தூரத்திலிருந்தே தெரிகிற ஆரஞ்சு நிறம், எல்லாம் மேடம் சொன்னவை. கொக்கி மட்டும் என் முடிவு. மேலே இரண்டு கொக்கி பையின் கனத்தைத் தாங்கும். அதற்கு இரும்பு போட்டேன். கீழே ஒரு கொக்கி, ரப்பர் நாடாவோடு, பை ஆடாமல் கேரியர் கம்பியோடு இழுத்துப் பிடிக்கும். அதற்கு பிளாஸ்டிக் போட்டேன். மலிவு, அதனால்தான். கனம் தாங்காத கொக்கிக்கு எதற்கு இரும்பு என்று கணக்குப் போட்டேன்.

மே மாதக் கடைசியில் மேடம் வந்து அந்தக் கீழ்க்கொக்கியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வளைவில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"வெயில் குடிச்சிருக்கு. இது விட்டுதுன்னா பை ஆடும். ஒரு பள்ளத்துல இறங்கினா சக்கரத்துக்குள்ள போயிரும். சக்கரம் நிக்கும், ஆளு நிக்க மாட்டான். பின்னால பஸ் வருதா இல்லையாங்கறதுதான் மிச்சம். எல்லாப் பையையும் திருப்பி வாங்குங்க."

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சைக்கிள் வியாபாரம் வருடத்திலேயே அப்போதுதான். "சீசன் முடியட்டும் மேடம், பாத்துடலாம்" என்றேன்.

"சீசன் முடியுதவரைக்கும் அவங்க ஓட்டாம இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுதான் அவரோடு கடைசிப் பேச்சு.

போலீஸ் போன் வந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த விரிசல்தான். வேன் சாவியை எடுத்தேன். தேவராஜ் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "நீ ஓட்டாத. நான் இட்டுனு போறேன்." எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளின் பின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நல்ல மனுஷி போய்விட்டாரே என்று அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நான் கொன்றுவிட்டேனா என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

ஸ்டேஷனில் அவர் கணவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மனைவிக்குப் போன் செய்து, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்பாராம். அன்று போனை எடுத்தது கான்ஸ்டபிள். பாதி வழியில் இறங்கி, கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஓடி வந்திருந்தார். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். நான் போனில் கேட்டதைப் போலீஸ்காரர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பை சிக்கி விழுந்தாளா?"

சைக்கிள் எங்கே என்று தேடினேன். பிடித்து வைத்திருந்த மோட்டார் பைக்குகளுக்கு நடுவே மேடத்தின் சைக்கிள் நின்றது. குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கோணல் இல்லை. ஒரு கம்பிகூட வளையவில்லை. பை நேராகத் தொங்கியது. கீழே என் பிளாஸ்டிக் கொக்கி இல்லை. அந்த இடத்தில் பழைய டியூபை ரிப்பனாக வெட்டி, கேரியரோடு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

சாட்சி சொல்ல வந்திருந்த இளநீர்க்காரர் பின்னாலிருந்து பேசினார். "விழல சார். வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு, பாலத்துக் கட்டையில குந்துனாங்க. நெஞ்சப் புடிச்சிகினு தண்ணி கேட்டாங்க. நான் காய வெட்டறதுக்குள்ள சாஞ்சிட்டாங்க." ஆஸ்பத்திரியிலும் இதயம் நின்றுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு பெண் இறந்து கிடக்கும்போது, அவர் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது, எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் மேடத்துக்கு அஞ்சலி ஆகாது.

அவர் கணவர் அந்த டியூபைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இதை ஏன் கட்டியிருக்கா?"

ஏதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது. "என் கொக்கி சரியில்ல சார். மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்து சொன்னாங்க. நான் ஒண்ணும் செய்யல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சைக்கிள் சீட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மத்தவங்க பையெல்லாம்?" என்றார். உடனே பயம் திரும்பி வந்தது. அது இன்னும் போகவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல், பை வாங்கியவர்களைத் தேட ஆரம்பித்தோம். எல்லாம் ரொக்க வியாபாரம், எவர் நம்பரும் இல்லை. தேவராஜ் மறைமலைநகரில் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் காலை ஷிப்டுக்கு நின்று, அங்கே பூட்டி வைத்த சைக்கிள்களைப் பார்த்தான். நான் கடற்கரைச் சாலையில் நின்றேன். படாளத்திலிருந்து ஒரு வாத்தியார், விஷயம் கேள்விப்பட்டுத் தானாகவே பையைக் கொண்டுவந்தார். அவர் கொக்கியிலும் அதே இடத்தில் விரிசல். நெம்மேலியில் ஒருவர் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து ஆறிய தழும்பு.

"போன மாசமே புட்டுகிச்சு அண்ணாத்த. பை உள்ள பூந்து வண்டி அப்டியே நின்னுச்சு. நான் மணல்ல போய் வுயுந்தேன்."

"எனக்கு ஏன்யா சொல்லல? பையில நம்பர் இருக்கே?"

"பின்னாடி பஸ் வரல, வுட்டாச்சு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?" என்று சிரித்தார். நான் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதுவரை பத்தொன்பது பை வந்திருக்கிறது. மேடத்துடையதைச் சேர்த்தால் இருபது. ஆறு பை இன்னும் சாலையில் ஓடுகிறது. காலையில் தெரியாத நம்பர் வந்தால், எடுக்கும் முன் கையைத் துடைத்துக்கொள்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இதை வைத்துக்கொண்டுதான் இப்போது ஒவ்வொரு பையையும் கனம் ஏற்றி நானே ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்க்கிறேன்.

பதினாறாம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஆரஞ்சுப் பை கூடத்தில் ஆணியில் தொங்கியது. எனக்குத் தருவீர்களா, கடையில் மாட்டி வைக்கிறேன் என்று கேட்டேன். அவர் கணவர் பையைத் திரும்பிப் பார்த்தார்.

"கடைசிப் பை வந்து சேந்த அன்னைக்கு வாங்க. சும்மா தர மாட்டேன். அவளும் சும்மா எதையும் வாங்கினவ இல்ல."

அதனால் பைகளைத் திரும்ப வாங்க என் நிபந்தனைகள் இவை. ஆரஞ்சுப் பை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கீழ்க்கொக்கியைக் கழற்றிவிட்டு, கயிறோ டியூபோ கட்டிக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுவந்தால் இரும்புக் கொக்கி மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். பையே வேண்டாம் என்றால் கொடுத்த பணம் முழுதும் திரும்ப உண்டு, பில் கேட்க மாட்டேன். வர முடியாதவர்கள் பையில் இருக்கிற நம்பருக்குப் போன் செய்தால் தேவராஜ் வருவான். ஆறும் வந்து சேரும் வரை புதுப் பை எதுவும் விற்பதில்லை. மேடத்தின் பைக்கு அவர் கணவரோடு பேசி முடித்த விலை, மேடம் அதற்கு என்னிடம் கொடுத்த அதே ஆயிரத்து நூறு ரூபாய். கடைசிப் பை வந்து சேர்ந்த அன்றைக்கு ரொக்கமாக, அவர் வீட்டில் வைத்து.