என் வாரத்து மணல்

ஓட்டில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகமாக இருந்தது. விருத்தாசலத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பீங்கான் பட்டறை வாசலில்தான் விழவேண்டும் என்றிருந்த காலம். அப்படி ஒரு பட்டறையில், குளியலறைச் சுவரில் பதிக்கிற வெள்ளை ஓடுகளைத் தரம் பிரிப்பவன் நான். சூளையிலிருந்து வரும் ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பளபளப்பில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் இரண்டாம் தரம். மூலை போயிருந்தால் கழிவு. குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பாள் என் மனைவி. அவள் அதைச் சம்பளமில்லாமல் செய்துவந்தாள்.

அதே பட்டறையின் இன்னொரு கொட்டகையில் பொம்மை செய்தார்கள். பொம்மைகளுக்குக் கண் எழுதிய அக்கா எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். உறவில் அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனியாக இருந்தவர், தெருவுக்கே அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஆனால் பட்டறையில் அந்தக் காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் அவர் வலது கையைப் பற்றித்தான். நாலைந்து முடி மட்டும் உள்ள தூரிகை, மூச்சை நிறுத்தி இரண்டே தொடல். அதுவரை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த பொம்மை நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கூலி பொம்மைக்கு இவ்வளவு என்று. ஒரு நாளைக்கு எத்தனை கண் என்பதுதான் அவருடைய சாப்பாடும் வாடகையும்.

எங்கள் தெருவிலிருந்து பட்டறை ஒரு மைல் கூட இல்லை. ஆனால் அந்தத் தெருவே ஸ்ரீமுஷ்ணம் பஸ் போகிற சாலையாகவும் இருந்தது. ஒரு பக்கம் சாக்கடை. மறுபக்கம் எப்போதும் நாலு கரும்பு வண்டி அவிழ்த்துப் போட்டபடி நிற்கும். நடுவில் பஸ் வந்துவிட்டால், மனிதனுக்கு மிச்சம் ஒரு முழம் மண். கால் சரியாக இருந்தவர்கள் ஒதுங்கினோம், தாவினோம், பஸ்காரனைத் திட்டினோம். அக்காவால் மூன்றாவது மட்டும்தான் முடியும், அதையும் செய்யமாட்டார்.

ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், என் கண் முன்னால் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார். இடுப்பு வரை கறுப்பு. தூரிகைப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கை கொடுக்கக் குனிந்தேன். “மொதல்ல இதப் புடிங்க தம்பி, நனையல,” என்று பெட்டியை நீட்டினார்.

அந்த நிமிடம் நான் சமூக சேவகனாகிவிட்டேன். அதற்கு முன் நான் செய்திருந்த ஒரே பொதுக்காரியம், வாசகசாலையில் பத்திரிகையைப் படித்த பிறகு மடித்து வைத்ததுதான்.

மறுநாளே மனு எழுதிக்கொண்டு நகரசபை ஆபீசுக்குப் போனேன். சாக்கடையை ஒட்டி, வீட்டு வாசல்கள் பக்கமாக, நடப்பதற்கு என்று ஒரு மேடை கட்டித் தரவேண்டும் என்பது மனு. மூன்று பக்கம், அதில் இரண்டு பக்கம் மனித நாகரிகத்தின் வரலாறு. அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர், முழுவதையும் படித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரோடு போடப் பணம் வருகிறது, சாக்கடை வெட்ட வருகிறது, விளக்குக்கு வருகிறது. வண்டிக்காரன் வரி கட்டுகிறான். சைக்கிள்காரன்கூட வருடா வருடம் லைசென்ஸ் வில்லை வாங்கி மாட்டுகிறான். நடக்கிறவன் எதுவும் கட்டுவதில்லை, அவனுக்காக எதுவும் வருவதுமில்லை. நடப்பதற்கு ஒரு வில்லை போட்டால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது; செய்துவிடுவார்களோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

நாங்களே போட்டுக்கொண்டால் ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன்.

“போடறது பெருசில்ல சார்,” என்றார் கிளார்க். “ஒரு வாரத்து வேல. அப்பறம் யாரு பாத்துக்குவாங்க?”

அதைவிட நல்ல கேள்வியை அந்த விஷயத்தில் அதன் பிறகு நான் கேட்டதில்லை. அப்போது அது எனக்கு ஆபீசுக் குசும்பாகப் பட்டது. அங்கேயே உட்கார்ந்து, ‘மேற்படி நடைமேடையை இத்தெருவாசிகளாகிய நாங்களும் எங்களுக்குப் பின் எங்கள் சந்ததியாரும் குறைவறப் பராமரித்து வருவோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்குச் சந்ததி கிடையாது.

தெரு கூடியது. பன்னிரண்டு வீடு. குளிர்தேசத்து ஊர்களில் நடைபாதையைப் போடுவது நகரசபை, தன் வாசல் பனியைத் தள்ளுவது வீட்டுக்காரன் என்று எங்கோ படித்திருந்ததை அங்கே அவிழ்த்துவிட்டேன். பனி என்றதும் எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. சுண்ணாம்புக்கும் சிமிட்டிக்கும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஓட்டுக்குக் காசில்லை. பட்டறை முதலாளி, கழிவு மலை குறைந்தால் போதும் என்று வண்டியும் கொடுத்தார். அந்தக் காலத்து ஓடு நல்ல கனம். ஆள் நடந்தால் உடையாது. நானே மலை மேல் ஏறி உட்கார்ந்து பொறுக்கினேன். கழிவிலும் முதல் தரம் வேண்டும் எனக்கு. மூலை மட்டும் போன, முகத்தில் ஒரு பொட்டுக் குறையில்லாத ஓடுகள்.

பதிக்க வந்த கொத்தனார் முதல் ஓட்டைக் கையில் எடுத்து, எந்தப் பக்கம் மேலே என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஓட்டின் அடிப்பக்கம் சிமிட்டி பிடிப்பதற்காக வரிவரியாக, மண் நிறத்தில் இருக்கும். எங்கள் ஊரில் அதை யாரும் பார்ப்பதில்லை. அது ஓட்டின் உள்பாவாடை மாதிரி.

“வரி இருக்கற பக்கம் கால் புடிக்குமில்ல தம்பி?” என்றார் அக்கா. அவர்தான் கேட்டார், வேறு யாரும் கேட்கவில்லை.

“அக்கா, பீங்கான் ஊருக்குள்ள வர்றவன் முதுகையா பாக்கணும்?” என்றேன் நான். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது எனக்குச் சந்தேகம் உண்டு.

முடிந்தபோது தெரு கல்யாண வீடு போல இருந்தது. வெயில் பட்டால் கண் கூசும். பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் தினம் பெருக்கிக் கோலம் போட்டார்கள். அக்கா பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் வந்தாலும் திரும்பாமல், அதன் மேல் நடந்து வேலைக்குப் போனார். மழை வரும் வரை அந்த நான்கு மாதம் நான் கொஞ்சம் தாங்கமுடியாத மனிதனாக இருந்தேன் என்று என் மனைவி குறித்து வைத்திருக்கிறாள்.

பிறகு முதல் தூறல் விழுந்தது. ஒரு ஆடு நான்கு காலும் நான்கு திசையில் போக உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குளியலறைச் சுவருக்கென்று செய்த பொருள், ஈரம் பட்டால் என்ன செய்யும் என்று எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பாதிப் பேர் அதைச் செய்கிறவர்கள். தெரிந்தும் தோன்றவில்லை.

கூட்டம் போட்டோம். ஓட்டைப் பெயர்க்க யாருக்கும் மனசு வரவில்லை, எனக்குச் சுத்தமாக வரவில்லை. மழை முடிகிற வரை மணிமுத்தாற்று மணலை அடித்து வைத்துக்கொண்டு மேலே தூவுவது, மழை அரித்துப் போனால் மறுபடி தூவுவது, வாரம் ஒரு வீடு, என்று முடிவானது. பன்னிரண்டு வீட்டுக்கும் முறை எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

முதல் வாரக்காரர் இரண்டு வேளை தூவினார். அடுத்தவர் ஒரு வேளை. மூன்றாம் வாரத்துக்காரர், மழை லேசாகத்தானே பெய்தது என்றார். நான்காம் வாரம் என்னுடையது.

சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளுத்துவிட்டது. மணல் வாசலிலேயே குவியலாக இருந்தது, முறம் அதன் மேலேயே கிடந்தது. “மணல் கெடக்குது, தூவிட்டுப் போங்க,” என்றாள் மனைவி. வந்து தூவுகிறேன் என்று வாசகசாலைக்குப் போனேன். தடித்த புத்தகம் ஒன்று பாதியில் இருந்தது. என்ன புத்தகம் என்று ஞாபகமில்லை. ஞாபகமிருந்தாலாவது அதன் மேல் பழி போடலாம். வந்தபோது இருட்டிவிட்டது. விடிந்ததும் தூவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டுத் தூவலாம் என்று நினைத்தேன்.

டீ கையில் இருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. ஈரத் துணியைக் கல்லில் ஒரு தடவை அடித்தது போல. மனைவிதான் முதலில் ஓடினாள். அக்கா எங்கள் வாசலுக்கு நேரே, பக்கவாட்டில் கிடந்தார். பெட்டி இடது கையில் பத்திரமாக இருந்தது. வலது கையை ஊன்றியிருந்தார்.

கட்டுப் போட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது என்று கட்டைப் பிரிக்க இரண்டு மாதம் ஆனது. எலும்பு சேர்ந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் அளவு இடைவெளி நின்றுவிட்டது. சோறு உண்ணலாம், குடம் தூக்கலாம். தூரிகை பிடிக்க முடியாது. பட்டறையில் அவரை விட்டுவிடவில்லை. வெளியூர் போகும் பொம்மைகளை வைக்கோல் சுற்றிக் கட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். கூலி பாதிக்கும் கீழே. கண்ணை வேறு ஒரு பெண் எழுதினாள். அவை எனக்குக் கொஞ்சம் மாறுகண்ணாகத் தெரிந்தன. தரம் பார்ப்பவன் என்ற முறையில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையில் மறுபடி ஆபீசுக்குப் போனேன். நடைமேடையை ஆபீசே எடுத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளும்படி கேட்பதற்கு. கிளார்க் எழுந்து போய்ப் பழைய காகிதக் கட்டிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். படிக்கவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தார். சந்ததியார் என்ற இடம் வரை படித்தேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் கடப்பாரையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும், அக்கா வீட்டிலிருந்து தெரு முனை வரை பெயர்த்து, புது ஓடு கொண்டுவந்து, வரிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்துப் பதித்தேன். பாதி நாள் கொத்தனார், பாதி நாள் நான். நான் பதித்த இடங்கள் தெரியும், அலை அடிக்கும். அழகாக இருந்ததைக் கெடுக்கிறானே என்று எதிர்வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். மழையில் நானே செருப்பில்லாமல் ஓடிப் பார்த்தேன். விழவில்லை. ஒரு ஆட்டை விரட்டியும் பார்த்தேன்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று காத்திருந்தேன். வாசற்படியை விட்டு இறங்கினார், மேடையைத் தாண்டினார், சாலையில் நடக்க ஆரம்பித்தார். நான் மேடையில் கூடவே போனேன்.

“அக்கா, இப்ப வழுக்காது. மேல வாங்க.”

“தெரியும் தம்பி. பாத்தேன், நல்லாத்தான் இருக்குது.”

ஆனால் ஏறவில்லை. கொஞ்ச தூரம் போனதும், இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “அந்த வாரம் எங்க வூட்டு மொற அக்கா.”

“அதுவும் தெரியும். செவுத்துல ஒட்டியிருந்தீங்களே,” என்றார். கோபமே இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். “ரோடே பரவால்ல தம்பி. பஸ்ஸுக்காரனாவது ஆரன் அடிக்கிறான்.”

நான் மேடையிலேயே கூட நடந்தேன். நான் நடந்தது விருத்தாசலத்திலேயே பத்திரமான பாதை, பன்னிரண்டு வீட்டுப் பணம், என் முதுகுவலி. அதில் நடந்துகொண்டிருந்தவன் இரண்டு காலும் சரியாக உள்ள நான். அவர் எனக்கு ஒரு எட்டு தள்ளி, ஒரு முழ மண்ணில், சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தார். அதன் பிறகு எத்தனையோ வருடம் காலையில் நாங்கள் பட்டறைக்கு அப்படித்தான் போனோம். அரிசி விலை பேசினோம், முதலாளியைப் பற்றிப் பேசினோம். மேலே வரும்படி நான் கேட்பது மாதம் ஒரு தடவையாகி, பிறகு நின்றுவிட்டது.

எங்களுக்குப் பின்னால் ஸ்ரீமுஷ்ணம் பஸ் வரும். ஆரன் அடிக்கும். அவர் திரும்பாமல் சாக்கடைப் பக்கம் அரை அடி நகர்வார். நான் மேடை விளிம்பில் நின்று கையை நீட்டுவேன், பழக்கம். “நீங்க பாத்துப் போங்க,” என்பார் என்னைப் பார்த்து. பஸ் எங்களைத் தாண்டும்போது எழும் புழுதி, இருவருக்கும் நடுவில் சுவர் போல நிற்கும். அது அடங்கும் வரை அவர் எனக்குத் தெரியமாட்டார். நான் கையை மடக்காமல் நின்றுகொண்டிருப்பேன்.