மேல் சன்னல்களைத் திறக்கும் அக்கா

எங்கள் புது நகராட்சிக் கட்டிடத்தில் ஏசி கிடையாது. தடித்த சுவர், கீழே பெரிய சன்னல், கூரையை ஒட்டி ஒரு சின்ன சன்னல். குளிர்ந்த காற்று கீழே வரும், சூடான காற்று மேலே போகும், மின்சாரம் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் கட்டியவர்கள். சன்னல்களைக் காலையில் திறந்து மாலையில் மூட ஒரு தற்காலிக ஊழியரைப் போட்டார்கள். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சன்னலக்கா.

ஆள் ஒல்லி. குரல் மட்டும் மாடிக்கும் கேட்கும். நூற்றுப்பத்து சன்னல்களின் கயிறும் அவருக்கு அத்துப்படி. "இது முரண்டு பிடிக்கும் சார், கொஞ்சினாத்தான் திறக்கும்" என்பார். வீட்டில் நடக்க முடியாத கணவர். அக்கா வேலைக்கு வந்தால்தான் அங்கே அடுப்பெரியும்.

ஆனாலும் கட்டிடம் வெந்தது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் நாங்கள் விண்ணப்பத்தாலேயே விசிறிக்கொண்டோம். கடைசியில் ஏசி கேட்டு ஒரு மனு. எழுதியவன் நான்தான், சும்மா இருக்கத் தெரியாத கை. ஏசி வந்தால் சன்னலை அடைத்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

மனுவைப் பார்த்துப் பொறியாளர் அம்மா வெப்பமானியோடு வந்தார். எங்கள் அறை முப்பத்து நான்கு டிகிரி. அக்கா உட்காரும் படிக்கட்டு அறை இருபத்தெட்டு. எப்படி என்று கேட்டதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என்மேலதாம்மா. இவங்க ரூம்ல மேல் சன்னல் கயிறு நழுவிடுது. மூணு தரம் மாத்திட்டேன். ரெண்டு முடிச்சு போட்டும் மத்தியானம் பார்த்தா மூடிக்கிடக்கு. வேலைய விட்டு எடுத்துடாதீங்கம்மா, இன்னும் இறுக்கிக் கட்டிடறேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சன்னலைத் தினமும் துடைப்பக் கட்டையால் தள்ளி மூடியது நான். என்னைப் பார்த்துப் பக்கத்து அறைக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள்.

"கயிறு நழுவல. நான்தான் மூடுறேன். பேப்பர் பறக்குது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய், கட்டிட வேலையில் மிஞ்சிக் கிடந்த டைல்ஸ் துண்டுகளை வாளி நிறைய அள்ளிவந்து மேசைக்கு நான்காக வைத்தார்.

"அட மனுஷா! பேப்பர் பறந்தா அதுமேல எதையாச்சும் வைக்கணும். அதுக்குப் போய் காத்தையே அடைப்பியா நீ?"

'சார்' எங்கோ காணாமல் போயிருந்தது. எனக்கு நன்றாக வேண்டும்!

மறுநாள் மதியம் எங்கள் அறை இருபத்தொன்பது. பொறியாளர் அம்மா சிரித்தார். நான் பழைய மனுவைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன், அக்காவின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி. கையெழுத்துப் போடாதவர் எவருமில்லை.

மூன்று மாதம் கழித்து ஆணை வந்தது. கண்ணாடி இல்லை, நீயே படி என்று அக்கா என்னிடம் நீட்டினார். 'நிரந்தரம்' என்ற இடம் வந்ததும் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாளை மேசையில் வைத்தேன். காற்று தூக்கப் பார்த்தது. பாய்ந்து ஒரு டைல்ஸ் துண்டை அதன்மேல் வைத்தேன்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதே," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.